தட்டத் தெரிந்தவருக்குச் சாவி இல்லை

சிக்னலில் நின்ற என் மின்சாரக் காரைப் பின்னாலிருந்து வேன் ஒன்று இடித்தது. பம்பரும் டிக்கிக் கதவும் நசுங்கின. எங்கள் தெரு டிங்கர் அண்ணன் முப்பது வருடமாகத் தகடு தட்டுகிறவர். “தட்டிடுவேன் தம்பி. உள்ள இருக்கிற சென்சாரை எனக்கு யாரு விப்பா?” என்றார். கம்பெனி புதுசு. பாகங்களை வெளியே விற்பதில்லை; சென்சாரைக் காரோடு இணைக்கும் மென்பொருளும் அவர்களிடம் மட்டுமே. பம்பர் வர ஏழு வாரம். கடன் தவணை மட்டும் தேதி தவறவில்லை.

பேட்டரியில் கைவைக்கத் தனிப் பயிற்சி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பம்பருக்குமா?

அமெரிக்காவில் ஃபிஸ்கர் 2024இல் திவாலானதும் கார் வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022இல் குழு அமைத்தது. வாகனமும் அதில் ஒரு துறை. குழு வந்தது, சட்டம் வரவில்லை.

அண்ணனின் மகன் ஐடிஐ முடித்திருக்கிறான். அந்த மென்பொருளை எங்கே கற்கலாம் என்று என்னிடம் கேட்டான் தோழர்களே.