எடைத் தட்டும் பட்டறையும்: அனுப்பர்பாளையம்

திருப்பூர் என்றால் பனியன். அந்த ஊருக்குள்ளேயே, ரயில் நிலையத்தை விட்டு அவிநாசி சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போனால், பனியன் கம்பெனிப் பலகைகளுக்கு நடுவே குடமும் அண்டாவும் குத்துவிளக்குமாக அடுக்கிய கடைகள் வரத் தொடங்கும். அதுதான் அனுப்பர்பாளையம். நிர்வாகக் கணக்கில் திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பகுதி. கொங்குப் பக்கம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கிறவர்களுக்கு இன்னமும் தனி ஊர். கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளிலும் வேலம்பாளையம், அங்கேரிபாளையம் என்று சுற்றியுள்ள இடங்களிலும் பட்டறைகள் இருக்கின்றன. இந்த ஊரைப் பற்றிச் செய்தி வருவது இரண்டு சமயத்தில்தான்: தை பிறக்கும் முன் பொங்கல் பானைக்கு ஆர்டர் குவியும்போது ஒருமுறை, கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தும்போது இன்னொரு முறை. இரண்டுமே புதுப் பாத்திரத்தின் கதை. பழைய பாத்திரத்தின் கதையும் இங்கேதான் முடிவாகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. கொங்கு வீட்டுப் பரண்களில் இருக்கும் பித்தளையும் செம்பும் பிழைக்குமா, உருகுமா என்பதை ஊரின் வயது தீர்மானிப்பதில்லை, வீட்டுக்காரரின் பாசமும் தீர்மானிப்பதில்லை. கடை வாசலில் இருக்கும் எடைத் தட்டு தீர்மானிக்கிறது. பழுது பார்க்கும் கை இந்த ஊரில் இருக்கிறது. அந்தக் கைக்கு விலை சொல்லும் கணக்குதான் இல்லை.

முதலில் கையைப் பற்றி. பழைய பாத்திரத்தைச் சரிசெய்வது தனித் தொழில் இல்லை. பாத்திரம் செய்கிற வேலையின் இன்னொரு முனை. பழைய செப்புக் குடம் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வயிற்றைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு கோடு ஓடுவது தெரியும். மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே அடித்து, விளிம்பைப் பல்லாக வெட்டிக் கோத்து, வெங்காரம் தூவி நெருப்பில் பற்ற வைத்த இடம் அது. குடம் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். அதை அடைக்க இரண்டு வழி உண்டு. ஈயப் பற்று வைப்பது சுலபம், மலிவு. ஆனால் அந்த ஈயக் கலவை 200 டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும், ஆகவே அந்தப் பாத்திரம் இனி அடுப்பேறக் கூடாது. பித்தளைக் கம்பி கொண்டு கேஸில் வைக்கும் பற்று அடுப்பைத் தாங்கும்; ஆனால் தாய் உலோகமே இளகிவிடும் விளிம்பு வரை சூடேற்ற வேண்டும், கை பிசகினால் ஓட்டை இரண்டாகும். தினமும் புதுத் தகட்டில் பற்று வைக்கிறவருக்கு அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே தெரியும். வீட்டில் எம்-சீல் அப்பிக் கொண்டுவரும் பாத்திரத்தைப் பட்டறைக்காரர்கள் வெறுப்பதும் இதனால்தான். நெருப்பில் காட்டினால் அது கருகிப் புகையும், சுரண்டி எடுக்கவே அரை நாள் போகும்.

நசுங்கல் எடுப்பதும் அப்படித்தான். அடித்து உருவாக்கிய பித்தளைக்குள் அடித்தபோது ஏறிய இறுக்கம் தங்கியிருக்கும். அதன்மேல் அம்மோனியாக் காற்றும் ஈரமும் பட்டால், யாரும் தொடாமலே விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. லாயங்களுக்கு அருகே வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே பிளந்தன. குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று விளக்கம் கிடைக்க 1921 வரை ஆயிற்று. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் வருஷக்கணக்காகக் கவிழ்த்து வைத்த அண்டாவின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால், அதற்கும் அதே காரணம் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட அண்டாவைக் கொண்டுவந்ததும் சுத்தியலை எடுக்கிறவர் தொழில் தெரியாதவர். தெரிந்தவர் முதலில் சூடேற்றி ஆறவிட்டு உலோகத்தை இளக்குவார், விரிசலுக்குப் பற்று வைப்பார், பிறகுதான் உள்ளிருந்து தட்டுவார். ஆய்வகம் நெடுநாள் தேடிய வைத்தியத்தைப் பட்டறை பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தது. இந்த அறிவைப் பழுது பார்ப்பதற்கென்று யாரும் கற்றுக்கொள்வதில்லை, உற்பத்தி இருக்கும் இடத்தில் அது உபரியாகத் தங்குகிறது. உற்பத்தி நின்ற ஊரில் பழுது பார்ப்பவரும் ஒரு தலைமுறைக்கு மேல் இருக்க மாட்டார்.

கொடுமணல் அகழாய்வைக் காட்டி, நொய்யல் கரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உலோக வேலை நடந்தது, அதன் தொடர்ச்சியே இது என்று சொல்ல ஆசை வரும். உலோக வேலை நடந்தது உண்மை. தொடர்ச்சி என்பதற்குச் சான்று கிடையாது. அந்தப் பழம்பெருமை இல்லாமலே இந்த ஊருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

இனி எடைத் தட்டு. பழைய பித்தளையைப் போட்டுப் புதுசு எடுப்பது கொங்கில் வெட்கப்படும் காரியமல்ல, நல்ல குடித்தனத்தின் அடையாளம். கடைக்காரர் பழையதை எடை போடுவார், கழிவு தள்ளுவார், கிலோவுக்கு ஒரு விலை வைப்பார், புதுப் பாத்திரத்தின் விலையில் அதைக் கழிப்பார். இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் தட்டில் ஏறியதும் கையால் அடித்த குடமும் லேத்தில் இழுத்த குடமும் ஒன்றாகிவிடும். கெட்டியான அடி, காது வைத்த நேர்த்தி, யார் வீட்டுச் சீர் என்ற சங்கதி எதற்கும் கிராம் கணக்கு இல்லை. காரைக்குடியின் பழம்பொருள் கடைத் தெருவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே செட்டிநாட்டு வீடுகளில் இருந்து இறங்கிய பொருளுக்கு வயதும் வேலைப்பாடும் விலை. அந்த விலையால் பொருள் ஊரை விட்டு எங்கோ போய்விடுகிறது என்பது வேறு வருத்தம், உருகாமலாவது இருக்கிறது. இங்கே எடைக்குப் போனது உலைக்குப் போகிறது. எவர்சில்வர் வந்த பிறகு இந்த ஓட்டம் வேகம் பிடித்தது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிய காலத்தில், புளி போட்டுத் தேய்க்க வேண்டாத பாத்திரம் வந்ததே என்று மூச்சு விட்ட பெண்களைக் குறை சொல்ல எந்த ரசிகருக்கும் தகுதி இல்லை.

இங்கேதான் நியாயமான மறுப்பு எழும். உருகினால் என்ன? உலோகத்தின் குணமே அதுதானே? பாட்டி கொடுத்த குடமும் அவளுக்கு முந்தியவளின் அண்டாவை உருக்கிச் செய்ததாக இருக்கலாம். உருக்கி வார்ப்பதுதான் நம் மரபு, பரணில் வைத்துப் பூட்டுவது இரவல் மரபு என்று சொல்பவர்கள் முட்டாள்கள் அல்ல. இந்த வாதத்தின் பலத்தை ஒப்புக்கொள்கிறேன், எல்லாப் பழைய பாத்திரத்தையும் காக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுழற்சி நியாயமாக இருந்தது ஒரு நிபந்தனையின் கீழ்: போன குடத்துக்கு ஈடான குடம் திரும்பி வந்தது. கையால் அடித்ததை உருக்கிக் கையால் அடித்தார்கள். இன்று கெட்டித் தகட்டுப் பாத்திரத்தைக் கொடுத்து மெல்லிய தகட்டில் லேத்தில் இழுத்ததை எடுத்து வருகிறோம். உலோகம் திரும்புகிறது, வேலை திரும்புவதில்லை. தவிர, பழுதுச் செலவையும் புதுப் பாத்திரத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து எடைக்குப் போடுவதுதான் வழக்கமான கணக்கு. இரண்டும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த ஒப்பீடே செல்லும்.

பட்டறைக்குத் தப்பி வந்த பாத்திரத்துக்கும் ஆபத்து ஒன்று காத்திருக்கிறது, அது பாலிஷ். அருங்காட்சியகக்காரர்கள் இந்தப் பேச்சில் ஒரு பக்கம். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் வேதியியலாளர் பரமசிவன் மின்னாற்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் பச்சைக் களிம்பை நீக்கினார். மண்ணில் புதைந்து கிடந்த வெண்கலத்தில் குளோரைடு உப்பு இறங்கிவிட்டால், ஈரம் படப்பட உலோகத்தையே தின்னும். அதை நிறுத்தத்தான் அந்த வைத்தியம், பளபளப்புக்காக அல்ல. அந்த மரபில் வந்தவர்கள் பழைய உலோகத்தின் மேல் படிந்த நிறத்தைத் தொடாதே என்பார்கள். நம் வீட்டுப் பித்தளைக்கு அந்த விதியை அப்படியே பொருத்த முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய விளக்குக்குப் பளபளப்புதான் பழமை. கறுத்துக் கிடந்தால் அது பராமரிப்பு இல்லாத விளக்கு, அவ்வளவுதான். ஆனால் புளி செய்வதும் பஃப் மோட்டார் செய்வதும் ஒன்றல்ல. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், அடியில் உள்ள உலோகத்தை அதிகம் தொடாது. எமரி பூசிய சக்கரம் உலோகத்தையே சீவும். சீவும்போது முதலில் போவது மேலே நிற்கும் நுணுக்கம்: அன்னத்தின் மூக்கு, தட்டு விளிம்பின் பூவேலை, பெயர்.

பெயர் என்று சொன்னதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சீர்ப் பாத்திரம் வாங்கியதும் கடையிலேயே சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டுவது வழக்கம். கொடுத்தவர் பெயர், சில சமயம் ஊர், சில சமயம் தேதி. ‘ன்’ மேல் வைக்கும் புள்ளியும் எழுத்தை உருவாக்கும் புள்ளியும் ஒன்றோடொன்று குழம்பி, தடவித் தடவிப் படிக்க வேண்டிய எழுத்து. பத்திரமும் கல்வெட்டும் இல்லாத குடும்பங்களில், மணமாகி வந்த பெண்ணின் தாய்வீட்டுப் பெயர் எழுத்தில் நிற்கும் ஒரே இடம் அந்த விளிம்பாக இருக்கலாம். புள்ளியின் ஆழம் மிகக் குறைவு. சக்கரத்தில் இரண்டு முறை காட்டினால் மழுங்கும், மூன்றாம் முறை இருக்காது. அது சட்டத்துக்கும் உதவும் சான்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் உள்ள மகளுக்குப் பாட்டி விளக்கை அனுப்ப நினைக்கும் வீட்டில், விளக்கின் வயது என்ன என்ற கேள்விக்குத் தேதி வெட்டிய விளிம்பை விடத் தெளிவான பதில் என்ன இருக்கிறது?

அடுத்த மறுப்பு உடம்பைப் பற்றியது, அதைத் தள்ளவே முடியாது. பித்தளையில் புளிக்குழம்பும் மோரும் வைத்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் ஈயம் பூசுகிறார்கள். பாத்திரத்தை ஆசிட்டில் கழுவி, அடுப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெண்புகை எழும். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் சுற்றித் தேய்க்க வேண்டும். கறுத்த உட்புறம் சில விநாடிகளில் வெள்ளி போல மாறும். பூச வேண்டியது வெள்ளீயம். அது விலை அதிகம், காரீயம் மலிவு, ஆகவே கலப்படம் நடக்கும் இடம் இது. காரீயம் உணவில் இறங்கினால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நல்ல வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், கலப்பு கூடக்கூட அது மங்கும். காரீயமோ காகிதத்தில் இழுத்தால் பென்சில் போலக் கோடு விழும். இது ஆய்வகச் சோதனைக்கு மாற்றல்ல, மோசமான சரக்கைத் தள்ள உதவும். சந்தேகம் இருந்தால் அந்தப் பாத்திரத்தில் சமைக்க வேண்டாம். அரிசி போட்டு வைக்கலாம், விளக்கேற்றி வைக்கலாம். சமைக்க முடியாத பாத்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் கட்டாத பட்டுச்சேலையை ஏன் பீரோவில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

விளக்குகளில் குத்துவிளக்கு சுலபமான கேஸ். அடி, தண்டு, தட்டு, மேல் அன்னம் என்று திருகிச் சேர்க்கும் பாகங்கள். பெரும்பாலும் மரை தேய்ந்துதான் ஆடும், லேத் இருக்கும் ஊரில் புது மரை வெட்டுவது பெரிய காரியமில்லை. பெட்ரோமாக்ஸ் அப்படியில்லை. ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்த 1984இலேயே அது வாடகைக்கு விடும் பொருளாகச் சுருங்கியிருந்தது. உடுமலைப் பக்கத்துக்காரரான கவுண்டமணி அதில் மேண்டிலுக்காகப் படும் பாடு இன்றும் எல்லோருக்கும் மனப்பாடம். சேகரிப்பவர்கள் கொண்டுவரும் பழைய பெட்ரோமாக்ஸில் பித்தளைத் தொட்டி நன்றாகவே இருக்கும். பம்பின் தோல் வாஷர் காய்ந்திருக்கும், ஜெட் அடைத்திருக்கும். தொட்டியில் காற்றழுத்தம் ஏறுவதால் ஈயப் பற்று வைத்த தொட்டியைக் கொளுத்தவே கூடாது. பீங்கானுக்கு இந்த ஊரில் வைத்தியர் இல்லை. ஊறுகாய் ஜாடி விரிசல் விட்டால் உப்பும் எண்ணெயும் விரிசலுக்குள் இறங்கிவிடும், ஒட்டினாலும் அலமாரிக்குத்தான்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டுமே என்பது கடைசிக் கேள்வி, கடினமானதும் அதுதான். பட்டறை வேலை சூடு, புகை, தூசி, காது செவிடாகும் சத்தம். எதிர்ச் சாரியில் மின்விசிறிக்குக் கீழே பனியன் கம்பெனி வேலை இருக்கும்போது மகனைச் சுத்தியல் பிடிக்க அனுப்ப எந்தத் தகப்பனும் யோசிப்பார். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பித்தளை அடிக்கும் தட்டேரா மக்களின் தொழிலை 2014இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெருமை தரும், கூலி தராது. இந்த வட்டாரத்துக்குப் பழையதை மதிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்ற ஜி.டி.நாயுடுவைக் கொண்டாடும் கோவை இது. அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைச் செப்பனிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். காருக்குச் செய்யும் மெனக்கெடலுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கத் தயங்காத ஊர், குடத்துக்கு மட்டும் கிலோக் கணக்குப் பேசுகிறது.

ஆகவே நான் கேட்பது சின்ன மாற்றம். அனுப்பர்பாளையத்துக் கடைகளில் பழைய பித்தளை கிலோ என்ன விலை என்று சொல்வது போல, பற்று வைக்க இவ்வளவு, ஈயம் பூச இவ்வளவு, நசுங்கல் எடுக்க இவ்வளவு என்று ஒரு கூலிப் பலகையும் தொங்கட்டும்; அந்தக் கூலி புதுப் பாத்திரக் கூலியை விடக் கூடுதலாகவே இருக்கட்டும், ஒவ்வொரு பழுதும் ஒவ்வொரு விதம் என்பதால். வாடிக்கையாளர் செய்ய வேண்டியதும் உண்டு. கொடுக்கும் முன் பெயர் வெட்டிய இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அங்கே சக்கரம் வேண்டாம், கையால் துலக்கினால் போதும் என்று சொல்லிவிட வேண்டும். எந்தப் பற்று வைக்கிறார்கள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஈயப் பற்று என்று எழுதியிருந்தால் அது அடுப்புக்கு ஆகாது என்பது அடுத்த தலைமுறைக்கும் தெரிய வேண்டும், ஆகவே ரசீதை அந்தக் குடத்துக்குள்ளேயே போட்டு வைப்பது உத்தமம்.