ஒரு பாட்டில் மண்ணெண்ணெய்



ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், நாங்கள் இருவர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஆற்காட்டிலிருந்து கடப்பாவுக்குப் புறப்பட்டோம். உடன் வந்தவர் எங்கள் மைத்துனர். சர்க்கரை நோயாளி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மைதா தொடக்கூடாது என்பது மருத்துவர் அவருக்கு இட்ட கட்டளை. ஆகவே கேழ்வரகு மாவு, பாசிப்பருப்பு, சிறு பாத்திரம், பாட்டனார் காலத்துப் பித்தளைப் பம்ப் ஸ்டவ் ஆகியவற்றைப் பையில் கட்டிக்கொண்டோம். மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் பாட்டிலில் தனியாக இருந்தது.

அந்த ஸ்டவைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 1892ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. திரி கிடையாது. முதலில் பர்னரைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்ப் அடித்தால் எண்ணெய் மேலேறி, அந்தச் சூட்டில் ஆவியாகி, நீல நிறத்தில் எரியும். துளை அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்திவிட வேண்டும். துணி வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சென்ற பாட்டனார் அதில்தான் சோறு பொங்கித் தின்றார்.

திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகச் செல்வது எங்கள் திட்டம். ஆனால் அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையின் 365 படிகளிலும் காவடிகள் ஏறும் நாள். சாலைகள் அடைபட்டிருக்கும் என்று சோளிங்கரிலேயே எச்சரித்தார்கள். சுற்றுவழியில் திரும்பி, பகல் இரண்டு மணியளவில் அம்மையார்குப்பத்தை அடைந்தோம். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் நெசவாளர் ஊர் அது.

ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் இறங்கிப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, பாட்டிலின் மூடி நெகிழ்ந்து எண்ணெய் முழுவதும் வழிந்து போயிருந்தது. தொழுகை விரிப்பெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. நல்லவேளையாக மாவு தப்பியது. ஒரு துண்டை விரித்து, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். மைத்துனரின் கைகள் இலேசாக நடுங்கத் தொடங்கியிருந்தன. அருகிலிருந்த சிற்றுண்டிக் கடையில் மீதமிருந்தது பரோட்டா மட்டுமே. வழிக்கென்று வைத்திருந்த இரண்டு பேரீச்சம்பழங்களை அவருக்குக் கொடுத்துவிட்டு, எரிபொருள் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் ஒரு பெட்ரோல் பங்க். மண்ணெண்ணெய் அங்கே கிடையாது. பாட்டிலை நீட்டி, கொஞ்சம் பெட்ரோலாவது தருமாறு கேட்டோம். "பாட்டிலில் ஊற்றக் கூடாது, பாய்" என்று ஊழியர் கையை எடுத்துவிட்டார். பசித்தவனுக்கு நியாயம் கசக்கும். அவர் மீது எங்களுக்குக் கோபம் வந்தது.

அடுத்து ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "எண்ணெய் இருக்கு, விலை கொஞ்சம் ஆகும்" என்றார். உள்ளேயிருந்து அவர் கொண்டுவந்த கேனில் இருந்தது நீல நிற மண்ணெண்ணெய். நம் நாட்டில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலப்பார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அன்று மானிய விலையில் செல்ல வேண்டியது வெளிச்சந்தைக்குப் போகாமலிருக்க ஏற்பட்ட அடையாளம் அது. அந்த நிறத்தைக் கண்ட பிறகும் எங்கள் கை சட்டைப்பைக்குள் சென்று பணத்தை எடுத்துவிட்டது. நெருக்கடி, நோயாளி, பயணி என்று மனம் சலுகைகளை ஒவ்வொன்றாக அடுக்கியது.

மைத்துனர் மதரஸாவில் ஓதியவர் அல்லர். வாகனம் பழுது பார்ப்பவர். அவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான், இது யார் வீட்டுப் பங்கு?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் பணத்தை மடித்து மீண்டும் பைக்குள் வைத்தோம். பிறர் உரிமையை உண்ணாதீர்கள் என்று வாரந்தோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வாய், அன்று மற்றொருவர் கேட்ட பிறகே தன் பாடத்தை நினைவுகூர்ந்தது.

மரத்தடிக்குத் திரும்பியதும் மைத்துனர் வண்டியின் டியூபைக் கழற்றப் போனார். "டேங்கில் பெட்ரோல் இருக்கிறதே, இரண்டு மூடி இதில் ஊற்றுவோம்" என்றார். இம்முறை தடுப்பது எங்கள் முறையாயிற்று. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விட ஏறத்தாழ 38 டிகிரி வெப்பமாவது வேண்டும். பெட்ரோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அப்படி ஆவி விடக்கூடியது. மண்ணெண்ணெய்க்கென்று செய்த ஸ்டவில் அதை ஊற்றிப் பம்ப் அடிப்பது, வெடியைக் கையில் பிடித்துத் திரியைக் கொளுத்துவதற்குச் சமம். பங்க் ஊழியர் ஏன் மறுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் மீது கொண்ட கோபத்துக்காக இஸ்திக்ஃபார் செய்தோம்.

எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவையும் அவர் பார்த்திருக்க வேண்டும். "என்ன பாய், அடுப்பு எரியலியா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். கேட்கக் கூச்சமாக இருந்தும், "அம்மா, கொஞ்சம் மண்ணெண்ணெய் விலைக்குக் கிடைக்குமா?" என்றோம்.

"எனக்கு வர்றதே கொஞ்சம். அத வித்துட்டு ராத்திரிக்கு நான் என்ன பண்றது?" என்றார் ஒளிவுமறைவின்றி. பிறகு எழுந்து, "எண்ணெய் எதுக்கு? பாத்திரத்தக் கொண்டாங்க. என் அடுப்புல நெருப்பு இருக்குது" என்றார்.

அவருடைய விறகடுப்பில் எங்கள் பாத்திரம் ஏறியது. கூழ் கொதிக்கும்வரை அவர் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. "உங்க பாத்திரம், உங்க மாவு, தைரியமா சாப்பிடுங்க" என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேளாமலே எங்கள் தயக்கத்தை அறிந்து, அதற்கு மரியாதை செய்தார். மைத்துனரின் முகத்தில் தெளிவு வந்த பிறகு பணம் நீட்டினோம். "நெருப்புக்குக் காசு வாங்குவாங்களா?" என்று மறுத்துவிட்டார்.

அன்பார்ந்தவர்களே! திருக்குர்ஆனின் 56ஆவது அத்தியாயமான அல்வாகிஆவில், நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும் பயணிகளுக்குப் பயன்படும் பொருளாகவும் ஆக்கியதாக அல்லாஹ் கூறுகிறான். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற கருத்தில் நபிமொழி ஒன்றும் அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. 107ஆவது அத்தியாயமான அல்மாஊன், அற்பப் பொருள்களைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. பாத்திரம், வாளி, கோடரி போன்று அண்டை வீட்டார் இரவல் வாங்கும் பொருள்கள் என்று விரிவுரையாளர்கள் அதற்கு விளக்கம் தருவர். ஆண்டுதோறும் அந்தச் சிறிய அத்தியாயத்தை நடத்தி வருகிறோம். அதை ஒருபோதும் ஓதியிராத ஓர் அம்மையார் அதன்படி நடந்ததை அன்று கண்டோம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் 'சோட்டு' என்று பெயர் சூட்டிய 5 கிலோ எரிவாயு உருளையை முகவரிச் சான்று இல்லாமலே, அடையாளச் சான்றைக் காட்டி வாங்கலாம். வசதி கூடினாலும் பொறுப்பு குறைவதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று, மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில், விதியை மீறி எடுத்துவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பயணிகள் இறந்தனர். சமைக்க வேண்டும் என்ற எளிய தேவைதான் அங்கும் தொடக்கம். எனவே பயணம் புறப்படுவோர் உரிய எரிபொருளை, உரிய கலத்தில், உரிய வழியில் கொண்டு செல்லுங்கள். உறங்கும் முன் நெருப்பை அணையுங்கள். அதுவும் நபிகளார் (ஸல்) இட்ட கட்டளையே.

கடப்பாவிலிருந்து திரும்பும்போது மீண்டும் அம்மையார்குப்பம் வழியே வந்து, அந்தத் திண்ணையில் ஒரு கட்டு விறகை இறக்கினோம். அம்மையார் வீட்டில் இல்லை. யார் வைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதை நாங்கள் அறியோம். பித்தளை ஸ்டவ் இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. அல்மாஊன் பாடம் நடத்தும் நாளில் மட்டும் அதை இறக்கித் துடைத்து, வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம்.