பேசின் பிரிட்ஜில் நிற்கும் வண்டி: பழைய கணினியும் அமானிதமும்





வேகம் குறைந்துவிட்ட பழைய கணினியை என்ன செய்வது என்னும் கேள்வி இன்று நம் வீடுகள் பலவற்றில் எழுகிறது. இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. பிராசசரை அதற்கு வரையறுக்கப்பட்ட வேகத்தைவிடக் கூடுதலாக ஓடச் செய்வது ஒரு வழி. இதனை ஓவர்கிளாக்கிங் என்பர். பழையதை அகற்றிவிட்டுப் புதியது வாங்குவது மற்றொரு வழி. பேசின் பிரிட்ஜ் பகுதியில் நான் பணிபுரியும் மதரஸாவிலும் இக்கேள்வி எழுந்தது. நாங்கள் எதை எண்ணி எந்த முடிவுக்கு வந்தோம் என்பதை எழுதினால், பிற மஹல்லாக்களுக்கும் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணினி. மண்ணடியில் வசிக்கும் பொறியாளர் ஒருவர், தமக்குப் புதியது வாங்கியபோது பழையதைப் பழுதில்லாத நிலையில் மதரஸாவிற்கு அன்பளிப்பாகத் தந்தார். அதிலுள்ள பிராசசர் இன்டெல் கோர் ஐ5-2500கே. 2011 ஜனவரியில் வெளிவந்தது. நான்கு கோர்கள் கொண்டது. அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அஸர் தொழுகைக்குப் பின் 14 மாணவியர் இக்கணினியில் முறைவைத்துத் தமிழ்99 தட்டச்சும் கணக்கு அட்டவணைகளும் பயில்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன பிள்ளைகள் சிலர், தனித்தேர்வுக்கான பாடக் காணொளிகளையும் இதில்தான் பார்க்கின்றனர். அவர்கள் வீடுகளில் கணினி இல்லை. கைபேசியோ அத்தாவின் கையிலோ அண்ணனின் கையிலோ இருக்கிறது.

சென்ற ஆண்டின் நடுவில் அக்கணினி எழுந்து நிற்கவே மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகத் தொடங்கியது. ஒரு கோப்பைத் திறந்தால் சுட்டி உறைந்து நிற்கும். மஃரிப் பாங்கிற்கு முன் முடிக்க வேண்டிய வகுப்பில் பெரும்பொழுது காத்திருப்பிலேயே கழிந்தது. இரண்டு மாணவியர் வருவதை நிறுத்திக்கொண்டனர். "உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு வருவதற்கு, வீட்டில் எனக்கு உதவியாகவாவது இருக்கட்டும், ஹஜ்ரத்" என்று அவர்களுள் ஒருத்தியின் தாயார் சொன்னார். அவரைக் குறைகூற இயலவில்லை. ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோவதற்கு இவ்வளவு சிறிய காரணம் போதுமாக இருக்கிறது.

முத்தவல்லி புதியதே வாங்கிவிடலாம் என்றார். விலை விசாரித்ததில் 32,000 ரூபாய் ஆகும் எனத் தெரிந்தது. மதரஸா நிதி என்பது துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர்களும், புளியந்தோப்பில் இறைச்சிக்கடை வைத்திருப்பவர்களும், ஆட்டோ ஓட்டுநர்களும் ஜும்ஆ நாள்களில் இடுகின்ற சிறு தொகைகளின் சேர்க்கை. ஒவ்வொரு ஜூன் மாதமும் தந்தையை இழந்த பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் செல்கிறது.

அப்போது என் முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். சரக்குப் பெட்டக நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் பணியாற்றுபவர். "ஹஜ்ரத், ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம். இதை 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றித் தருகிறேன். பெயரின் முடிவில் உள்ள 'கே' என்ற எழுத்தே அதற்காகத்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. அந்தத் தலைமுறையில் 'கே' என்று முடியும் பிராசசர்களின் பெருக்கெண்ணைப் பயனரே உயர்த்திக்கொள்ளும்படி இன்டெல் திறந்து வைத்திருந்தது. பொறியாளர் தந்த கணினியில் அதற்கு இடங்கொடுக்கும் இசட்68 மதர்போர்டும் இருந்தது. உங்கள் வீட்டுக் கணினியில் 'கே' இல்லாத பிராசசரும் எச்61 போன்ற எளிய மதர்போர்டும் இருந்தால் இந்த வழி பெரும்பாலும் திறக்காது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஓவர்கிளாக்கிங்கை வெறும் விளையாட்டு என ஒதுக்குவதும் நியாயமன்று. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவான பிராசசரைப் பலர் 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450-க்கு உயர்த்தி ஓட்டினர். விலையுயர்ந்த பிராசசர்களுக்கு ஈடான வேகம் குறைந்த செலவில் கிடைத்தது. பணமில்லாதவருக்கு அது ஒரு வாசலாக இருந்தது.

எனினும் வேகம் இலவசமாக வருவதில்லை. பிராசசரின் மின்செலவு, வேகம் உயரும் அளவிற்கும், மின்னழுத்தம் உயரும் அளவின் இருமடிப் பெருக்கத்திற்கும் ஏற்ப உயர்கிறது. வேகத்தை 3.3-லிருந்து 4.4-க்கு உயர்த்தினால் மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்த வேகத்தில் நிலையாக ஓடுவதற்காக மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு ஏற்ற வேண்டியிருந்தால், மின்செலவும் வெப்பமும் சுமார் 1.7 மடங்காகும். அதாவது 33 விழுக்காடு வேகத்திற்கு ஏறத்தாழ 70 விழுக்காடு கூடுதல் வெப்பம். அதைச் சமாளிக்கப் பெரிய ஹீட் சிங்க் வேண்டும், எஸ்.எம்.பி.எஸ். தரமானதாக இருக்க வேண்டும். மே மாதத்து வடசென்னையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்றே சூடானது. பிராசசர் சுமார் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் அங்கேயே கரைந்துவிடும். கூடுதல் மின்னழுத்தமும் வெப்பமும் நீண்டகாலம் தொடர்ந்தால் சில்லின் உள்ளே இருக்கும் நுண்ணிய உலோகத் தடங்கள் தேய்வதும் விரைவுபடும்.

ஆகவே அந்த மாணவரிடம் ஒன்று கேட்டேன்: "தம்பி, தாமதம் பிராசசரால்தான் வருகிறதா என்று முதலில் பார்க்க முடியுமா?" அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, மாணவியர் வழக்கமாகச் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பிராசசர் பெரும்பாலும் கால்பங்கு உழைப்பிலேயே இருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது. நினைவகமும் 4 ஜிபி மட்டுமே. அது நிரம்பியவுடன் கணினி மீண்டும் ஹார்டு டிஸ்க்கின் கதவையே தட்டியது.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு. தட்டின் மேல் முனை நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வந்து சேர ஏறத்தாழ 12 மில்லிவினாடி ஆகிறது. நமக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் 3.3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அதற்குள் ஏறத்தாழ 4 கோடித் துடிப்புகள் கடந்துவிடுகின்றன. அதன் வேகத்தை 4.4-க்கு உயர்த்தினால், அதே 12 மில்லிவினாடியில் 5 கோடிக்கு மேற்பட்ட துடிப்புகள் வீணே கழியும், அவ்வளவே.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் பகுதியினருக்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. அரக்கோணம் வழியாகவும் கும்மிடிப்பூண்டி வழியாகவும் விரைந்து வரும் வண்டிகள், சென்ட்ரலில் நடைமேடை காலியாகும்வரை பேசின் பிரிட்ஜில் நின்றுவிடுவதை நாம் அறிவோம். பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டு கதவருகே நிற்கும் பயணிகளைப் பார்த்திருக்கிறோம். அந்த வண்டிக்கு இன்னும் வலிமையான எஞ்சினைப் பூட்டினால் அது முன்கூட்டி வந்து பேசின் பிரிட்ஜில் நிற்கும். சென்ட்ரலை முன்கூட்டி அடையாது. எங்கள் கணினியின் பிராசசரும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

இவ்விடத்தில் மார்க்கக் கல்வி எனக்குக் கற்பித்த ஒன்றையும் எண்ணிப் பார்த்தேன். அமானிதப் பொருளை வைத்திருப்பவரைப் பற்றி ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இயல்பான பயன்பாட்டில் பொருள் கெட்டுப்போனால் அவர்மீது ஈடுசெய்யும் பொறுப்பு இல்லை. வரம்பு மீறிப் பயன்படுத்தினாலோ கவனக்குறைவாக விட்டாலோதான் அவர் பொறுப்பாளியாகிறார். முன்னதைத் தஅத்தீ என்றும் பின்னதைத் தஃப்ரீத் என்றும் சொல்வர். ஓர் இளைஞர் தம் சொந்தக் கணினியை ஓவர்கிளாக் செய்து கற்றுக்கொண்டால் இழப்பும் அவருடையது, அறிவும் அவருடையது. மதரஸாவின் ஒரே கணினியை அவ்வாறு செய்து அது நின்றுபோனால் இழப்பு அந்த 14 பிள்ளைகளுடையது. 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓவர்கிளாக்கிங்கால் பழுதாகும் பிராசசர்களுக்கெனத் தனிக் கட்டணத்தில் ஒரு காப்புத் திட்டத்தை விற்றது. கதவைத் திறந்து வைத்தவர்களே, அதற்குள் நுழைபவரின் இழப்பைச் சாதாரண உத்தரவாதத்தில் சேர்க்கவில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அதே அளவுகோலால் 32,000 ரூபாயையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பழுதில்லாத பிராசசரையும் மதர்போர்டையும் திரையையும் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்குவது வீண்விரயத்தின் எல்லையில் காலை வைப்பதாகும். அந்தப் பணத்தை இட்ட கைகள் எவ்வளவு உழைத்தன என்பது எங்களுக்குத் தெரியும்.

இறுதியில் முத்தவல்லியும் மாணவரும் நானும் கலந்துபேசி மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். ரிச்சி தெருவில் ஒரு 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும், பயன்படுத்திய 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்றும், தெர்மல் பேஸ்ட்டும் வாங்கினோம். எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆயிற்று. மாணவர் ஹீட் சிங்க்கில் படிந்திருந்த தூசியை நீக்கி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டார். பிராசசர் அதே 3.3 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. கணினி இப்போது அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுகிறது. நின்றுபோன இருவருள் ஒரு மாணவி திரும்பி வந்தாள். மற்றவளின் வீட்டாரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வேகம் மட்டுமே கேள்வியன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். எங்களுடையது இரண்டாம் தலைமுறை. எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் இக்குறை நீங்காது. ஆகவே லினக்ஸை நிறுவினோம். இது நம் குடும்பங்களுக்கு முற்றிலும் புதியதன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் இடம்பெற்றிருந்தது. மாணவியரின் ஆதார் நகல்களையும் தொலைபேசி எண்களையும் அக்கணினியில் வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். பிள்ளைகளின் விவரங்களும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

பழையதை என்றும் விடக்கூடாது என்பது என் கருத்தன்று. எங்களுக்கு வடக்கே இருந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி, ஐந்து அலகுகளில் 450 மெகாவாட் திறன் பெற்று, 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. எந்தக் கருவிக்கும் ஒரு தவணை உண்டு. எங்கள் கணினிக்கும் அதை எழுதி வைத்திருக்கிறோம்: மதர்போர்டு பழுதானாலோ, பிள்ளைகளின் பாடத்திற்குத் தேவையான மென்பொருள் இதில் ஓடாமற்போனாலோ, பாதுகாப்பான இயங்குதளம் கிடைக்காமற்போனாலோ மாற்றிவிடுவது. அதற்கென மாதம் 500 ரூபாய் தனியே சேர்த்து வருகிறோம். கடனோ வட்டியோ தேவைப்படாமல் அந்நாள் வந்து சேரட்டும்.

அகற்றும்போதும் ஒரு கடமை இருக்கிறது. கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அவற்றை மீட்டெடுக்க முடியும். ஹார்டு டிஸ்க்கை முழுமையாகத் துடைக்கும் மென்பொருளால் சுத்தம் செய்த பின்னரே பிறரிடம் கொடுக்க வேண்டும். உடைந்த பாகங்களைத் தெரு வழியே வரும் பழைய இரும்பு வண்டியில் போடாதீர்கள். செம்புக்காகக் கேபிள்களை எரிக்கும் இடங்களில் எழும் நச்சுப்புகையைச் சுவாசிப்பது பெரும்பாலும் ஏழைகளே. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேருங்கள்.

உங்கள் வீட்டுக் கணினி தாமதித்தால், செலவு செய்வதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, எது காத்திருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். கணினி அறிந்த பிள்ளைகள் இன்று எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக் கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் கைகளில் உள்ள பொருள்களைப் பேணும் பக்குவத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.