கார்ல் மார்க்ஸ் தலையும் கஜா புயலும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. சித்தி பையன் வேற ஜெர்மனியில எம்.எஸ். படிக்க அட்மிஷன் வாங்கிட்டு தினமும் போன் பண்ணி, "அண்ணா, குக்கர் எடுத்துட்டுப் போகட்டுமா?"ன்னு உயிரை வாங்குறான். (எடுத்துட்டுப் போ ராசா. கேஸ்கட் மட்டும் ரெண்டா எடுத்துக்கோ.) அதனால இன்னிக்கு கொசுவத்தி சுத்துற மூடு. பிடிக்காதவங்க அப்பீட் ஆகிக்கலாம் :)

2018ல எனக்கு கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சுது. கிழக்கு ஜெர்மனி. 1953லேர்ந்து 1990 வரைக்கும் அந்த ஊர் பேரே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சின்ன தொகைதான். ஆனா விசாவுக்கு ஒரு வருஷச் செலவுக்கான காசை 'பிளாக்டு அக்கவுண்ட்'ல போட்டுக் காட்டணும். அப்போ 8,640 யூரோ, அதாவது ஏறக்குறைய ஏழு லட்சம். அதுலேர்ந்து மாசம் 720 யூரோதான் எடுக்க முடியும். டிக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் கல்விக்கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க்ல சொத்து ஜாமீன் கேப்பாங்க. பள்ளிக்கரணை வீட்டுப் பத்திரம் போச்சு. 2015 வெள்ளத்துல அம்மா நெஞ்சோட அணைச்சு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போன அதே பத்திரம்.

படிப்பு முடியுற வரைக்கும் வட்டியை மட்டுமாவது கட்டிடணும்னு அப்பா கணக்கு. அதுக்கு அம்மாவோட பங்கு தோப்பு இருந்துச்சு. பேராவூரணி பக்கம் 120 தென்னை. ஒவ்வொரு வெட்டுக்கும் மாமா காசு அனுப்பிடுவார்.

விசா வந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிக்கல. ஆகஸ்ட் 26, கெம்னிட்ஸ்ல ஊர்த் திருவிழா. அதுல ஒருத்தரைக் குத்திக் கொன்னுட்டாங்க. சந்தேகத்துல பிடிச்சவங்க அகதிகளா வந்தவங்க. அவ்வளவுதான், வெளிநாட்டுக்காரன் மாதிரி தெரிஞ்சவனையெல்லாம் ஒரு கூட்டம் தெருவுல துரத்த ஆரம்பிச்சுது. மறுநாள் ஆயிரக்கணக்குல கூடினாங்க, அதுவும் கார்ல் மார்க்ஸ் தலைச் சிலை முன்னாடி. உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்னு நாலு மொழியில எழுதியிருக்குற சுவத்துக்கு எதிர்ல, வெளிநாட்டுக்காரனே வெளியே போன்னு கோஷம்!

குடும்ப வாட்ஸப் குரூப்பைப் பத்தி சொல்லணுமா? பெரியப்பா தினம் நாலு வீடியோ. அம்மா சாப்பிடறதை நிறுத்திட்டாங்க. நானும் தேடித் தேடி, செப்டம்பர் 3ஆம் தேதி அங்கேயே நடந்த இசை நிகழ்ச்சியை அப்பாகிட்ட காட்டினேன். "நாங்கதான் அதிகம்"ங்கறது அதோட பேரு. இனவெறிக்கு எதிரா சுமார் 65,000 பேர்.

அப்பா முழுசாப் பார்த்துட்டு சொன்னார்: "இவங்கள்ல பாதிப் பேரு வெளியூர்லேர்ந்து வந்துட்டு, ராத்திரியே ட்ரெயின் ஏறிடுவாங்கடா. நீ அங்கயே இருக்கணும்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனாலும் அக்டோபர்ல போனேன். கட்டின காசு அப்படி.

அந்தத் தலையை முதல் தடவை நேர்ல பார்த்தப்போ சிரிப்புதான் வந்துச்சு. உடம்பே இல்லாம ஏழு மீட்டருக்கு வெறும் வெண்கலத் தலை. லெவ் கெர்பெல்ங்கற சோவியத் சிற்பி செஞ்சு 1971ல திறந்தது. சிலைக்குப் பஞ்சமில்லாத சென்னையிலேர்ந்து வந்தவனுக்கே அது கொஞ்சம் ஓவர்தான். ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடிடுவான். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 25 சென்ட். இதெல்லாம் பத்து நாள்ல பழகிடுச்சு.

நாலாவது வாரம், ட்ராம்ல ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரா வந்து என்னவோ கத்தினார். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜெர்மன்ல ஒரே ஒரு வார்த்தை புரிஞ்சுது. "ரௌஸ்." நம்ம ஊர் ரவுசு இல்லீங்க, 'வெளியே போ'. ட்ராம்ல இருந்த யாரும் வாயைத் திறக்கல. பின்னாடி உக்காந்திருந்த ஒரு அம்மா மட்டும் எழுந்து வந்து என் பக்கத்து சீட்ல உக்காந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நான் இறங்குற வரைக்கும் அவங்களும் இறங்கல.

அன்னிக்கு ராத்திரி அம்மா கேட்டாங்க, "எப்படிப்பா இருக்கு?" குளிர் மட்டும்தாம்மா ஜாஸ்தின்னேன். அக்டோபர் 28ஆம் தேதி கடிகாரத்தை வேற ஒரு மணி நேரம் பின்னால வெச்சுட்டாங்க. மூணரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆச்சு. கிளாஸ் முடிஞ்சு நான் வர்றதுக்குள்ள அங்க அம்மாவுக்குத் தூக்கம் வந்துடும். பொய் சொல்ல அது ஒரு வசதி.

நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையைக் கடந்துச்சு. நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு செய்தியில வரிசையா பேரு வருது. லேப்ல உக்காந்து போன் மேல போன் போட்டேன். "நம்ம தோப்புக்குப் பெருசா ஒண்ணும் இல்ல தம்பி, நீ படி"ன்னாங்க அம்மா. அப்பாவும் அதையே சொன்னார், வார்த்தை மாறாம. அதுலயே புரிஞ்சு போச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு மாமா பையன் போட்டோ அனுப்பினான். ஊர்ல அதுவரைக்கும் கரண்ட் வரலையாம். எல்லா மரமும் ஒரே பக்கமா, தலை வாரி விட்ட மாதிரி சாஞ்சு கிடக்கு. அதைப் பார்த்துட்டு வெளிய வந்தா, கெம்னிட்ஸ்ல வீட்டுக்கு வீடு ஜன்னல்ல வில் மாதிரி மரச்சட்டம் வெச்சு வரிசையா விளக்கு. பக்கத்து மலைச் சுரங்கத் தொழிலாளிகள் காலத்துலேர்ந்து வர்ற டிசம்பர் வழக்கமாம். அசப்புல நம்ம கார்த்திகைதான். அவ்வளவு அழகான தெருவுல அவ்வளவு எரிச்சலோட நடந்தது நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

போட்டோ பத்தி வீட்ல நான் மூச்சு விடல. மாணவர்கள் வருஷத்துக்கு 120 முழு நாள் வேலை பார்க்கலாம்ங்கறது அப்போ விதி. ஜனவரியிலேர்ந்து ஒரு குடோன்ல பார்சல் பிரிக்கற வேலை. மணிக்கு 9.19 யூரோ, அந்த வருஷத்துக் குறைந்தபட்சக் கூலி. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுத் திரும்பறப்போ பஸ் ஸ்டாப்ல இன்னொரு தடவை அதே மாதிரி ஆச்சு. இந்தத் தடவை பக்கத்து சீட்டுக்கு யாரும் வரல. சம்பளத்துல மிஞ்சினதை ஸ்காலர்ஷிப்னு சொல்லி அப்பாவுக்கு அனுப்பினேன். அவரும் நம்பின மாதிரியே வாங்கிக்கிட்டார்.

2019 ஆகஸ்ட்ல லீவுக்கு வந்தப்போதான் பேச்சு வந்துச்சு. சாப்பாடு போட்டுக்கிட்டே அம்மா கேட்டாங்க.

"அந்த ஊர்ல உன்னை யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"தோப்புல எத்தனை மரம் போச்சு?"ன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "தொண்ணூத்தஞ்சு"ன்னாங்க.

"ரெண்டு தடவை"ன்னேன்.

பி.கு: சித்தி பையனுக்கு. பிளாக்டு அக்கவுண்ட் தொகையை 2024 செப்டம்பர்ல 11,904 யூரோவா ஏத்தினாங்க. நீ போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை புதுத் தொகை பார்த்துக்கோ. வேலை நாளும் 2024லேர்ந்து 140 ஆச்சு. குக்கரை செக்-இன் பெட்டியில வை.