உதுவன்கந்தை ஏறிய நாள்

பயணமும் கல்வியின் ஒரு கூறு என்பர் ஆன்றோர். விரிவுரை மண்டபத்தில் ஈராண்டு அருகருகே அமர்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தோர், ஒரு பகல் ஒன்றாக வழிநடந்து அறிந்துகொள்வதுண்டு. கலைப்பீட மாணவர் இருவர் விடுமுறையொன்றில் மேற்கொண்ட சிறு பயணம் இதற்குச் சான்றாகும்.

இருவருள் ஒருவன் யாழ்ப்பாணத்தான். மற்றவன் வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டும் தொழிலாளியின் மகன். யாழ்ப்பாணத்தின் சமநிலத்திலே பள்ளிப் பிள்ளை முதல் முதியவர் வரை துவிச்சக்கர வண்டியை நம்பி வாழ்வர். தோட்டத்திலோ மேடும் பள்ளமும் ஒற்றையடிப் பாதையுமே உள; அங்கு காலே வாகனம். எனவே, கண்டி வீதி வழியே உதுவன்கந்தை அடிவாரம் வரை வண்டியிற் செல்வதெனவும், பின்னர் மலையேறுவதெனவும் முடிவாயிற்று. முதற்பகுதிக்கு யாழ்ப்பாணத்தான் வழிகாட்டி, அடுத்ததற்குத் தோட்டத்தான்.

புறப்படும் முன்னரே ஒரு முள் தைத்தது. இரவல் வாங்கிய வண்டிகளை லயத்து வாசலிலிருந்து சேற்றுப் பாதையால் உருட்டிவருகையில், யாழ்ப்பாணத்தான் சிரித்துக்கொண்டே, “இந்தத் தோட்டக்காட்டுப் பாதையில சைக்கிள் ஓடினால் அது சேர்க்கஸ்தான் மச்சான்” என்றான். அவன் ஊரில் அச்சொல் வெகு இயல்பாக வழங்குவது. கேட்டவனோ ஒன்றும் கூறவில்லை. முற்றத்தில் நின்ற தாய்க்கு அது கேட்டதோ என ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான்.

வீதியில் ஏறியதும் யாழ்ப்பாணத்தான் முன்னே சென்றான். 1820களில் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பின் துணைகொண்டு அமைந்த வீதி அது. அம்பேபுஸ்ஸையில் இருவரும் இறங்கித் தேநீர் அருந்தினர். 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து முதலாவது புகைவண்டி வந்து சேர்ந்த இடம் அதுவே. யாழ்ப்பாணத்தான் அக்கதையை உற்சாகமாகச் சொன்னான். மற்றவன் ‘உம்’ கொட்டினான். கலிகமுவையும் கேகாலையும் கடக்கும் வரை இருவருக்குமிடையே அரை மைல் இடைவெளி. ஏற்றத்தில் களைத்ததால் அவன் பின்தங்கினான் என்றே முன்சென்றவன் எண்ணினான்.

உதுவன்கந்தை, சரதியேல் என்ற கொள்ளைக்காரன் மறைந்து வாழ்ந்த மலை. செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்தான் என மக்கள் அவனைப் போற்றுவர். அவனைப் பிடிக்கச் சென்ற பொலிஸ் அணியைச் சேர்ந்த சபான் என்பார் 1864 மார்ச் 21 ஆம் நாள் சுடப்பட்டு இறந்தார். சரதியேல் சிங்களவன், அவனுடைய உற்ற தோழன் மம்மலே மரைக்கார் முஸ்லிம். அவ்வாண்டு மே 7 ஆம் நாள் இருவரும் கண்டியில் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர்.

மலையிலே நிலைமை மாறிற்று. காட்டு வேர்களையும் வழுக்குப் பாறைகளையும் தோட்டத்தான் வெறுங்காலால் அளந்து ஏறினான். யாழ்ப்பாணத்தானுக்கு முழங்கால் நடுங்கியது. ஓரிடத்தில் கால் சறுக்கி, செடியொன்றைப் பற்றியவாறு, கீழே நோக்கவும் அஞ்சி நின்றுவிட்டான். மேலே சென்றவன் மீண்டும் இறங்கிவந்து கைகொடுத்தான். அக்கையை விடாமலே உச்சிவரை இட்டுச் சென்றான்.

உச்சியிலே காற்று வீசியது. தூரத்தே பத்தலேகலையும் கடுகண்ணாவை மலைகளும் நீலமாய்த் தோன்றின. நெடுநேரம் பேச்சில்லை. பின்னர் தோட்டத்தான் மெல்லச் சொன்னான்: “காலையில சொன்ன அந்தச் சொல்ல, எங்க அப்பா முன்னால மட்டும் சொல்லிறாதடா.”

நண்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்தது. மற்றவன் கோபமின்றியே தொடர்ந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்து வந்தோரின் பேரன் தன் தாத்தா என்றான். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர் நாடற்றவரானதையும், 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அவருடைய தம்பி குடும்பத்தோடு கப்பலேறியதையும் கூறினான். பிரிந்த இருவரும் மீண்டும் சந்திக்கவில்லை. “போகச் சொன்னவனும் அந்தச் சொல்லத்தான் சொன்னான். நீயும் சொன்னதாலதான் வலிச்சிச்சு.”

“நான் யோசிக்கேல்லை மச்சான்” என்றான் யாழ்ப்பாணத்தான். சற்றுப் பொறுத்து, “யோசிக்காததுதான் பிழை” என்றான்.

திரும்பும் வழியில் வண்டிகள் இரண்டும் அருகருகே ஓடின. வரக்காப்பொலைக் கடைத்தெருவில் யாழ்ப்பாணத்தான் தலகுலி வாங்கினான். எள்ளும் கருப்பட்டியும் இடித்துருட்டித் தாளிற் சுற்றிய இனிப்பு அது. லயத்தில் அதனைத் தாயிடம் நீட்டி, “எங்கட எள்ளுப்பாகு போலத்தான் இருக்குது அம்மா” என்றான். அவர் சிரித்தவாறு வாங்கிக்கொண்டார். காலையில் அச்சொல் அவர் செவியில் விழுந்ததோ இல்லையோ, யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் தகப்பனார் பால்வெட்டும் கத்தியுடன் புறப்பட்டார். வெயில் ஏறுமுன் வெட்டினாலன்றோ பால் நன்கு வடியும். கால் வலியோடு எழுந்த யாழ்ப்பாணத்தான், தானும் வரலாமா என வினவினான். அவர் விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்து, “வாங்க தம்பி, வழுக்கும், பாத்து வாங்க” என்று முன்னே நடந்தார். அவர் அடிவைத்த இடங்களிலேயே தானும் அடிவைத்து, அவன் அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறினான்.