அம்மாவுக்கு ஓர் ஏரிக்கரை

டிசம்பர் 28, ஞாயிறு

பிப்ரவரியில் அம்மாவை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் நாலு நாள் சும்மா உட்கார வைப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த ஏரி என்பதுதான் பாக்கி. தை மாதம் சீட்டுப் பணம் கைக்கு வரும். அதை நகையாக்க வேண்டாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. நாற்று நட்டது, களை எடுத்தது, மாடு மேய்த்தது, ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சோறாக்கிக் கொண்டுபோனது என்று மணவூரைச் சுற்றியே காலம் போய்விட்டது. ஊரைவிட்டுக் கிளம்பியதெல்லாம் ஏதாவது காரியத்துக்காகத்தான். கல்யாணம், சாவு, திருத்தணிக் கிருத்திகை, பிரசவத்துக்குத் துணை, ஆஸ்பத்திரி. போன இடத்திலும் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஓய்வுக்காக என்று ஒருநாள்கூட வெளியூர் போனதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

சாயங்காலம் மிலானிலிருந்து அண்ணன் மகள் பேசினாள். விஷயத்தைச் சொன்னதும், “அத்தை, பேசாம பாட்டியைக் கூட்டிக்கிட்டு இங்கயே வந்துடுங்க, கோமோ ஏரிக்குப் போலாம்” என்றாள். போன மே மாதம் அவளும் அவள் வீட்டுக்காரரும் போய் வந்த படங்களை அனுப்பியிருந்தாள். செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீளமான நீர்ப்பரப்பு. கரையோரம் காவியும் மஞ்சளுமாக வீடுகள். தலைகீழாக வைத்த ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஏரி கிடக்கிறது. பழைய காலத்துப் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளமாம். ஆழம் 400 மீட்டருக்கு மேல்.

படங்களைவிட அவள் சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நாலு நாளும் அவர்கள் வரென்னா என்ற ஒரே ஊரில் தங்கியிருக்கிறார்கள். மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். பெட்டியை ஒரு தடவை பிரித்ததோடு சரி. காலையில் மனசிருந்தால் எதிர்க்கரை பெல்லாஜியோவுக்குப் படகில் போவது, இல்லாவிட்டால் கரையிலேயே இருப்பது. “காலையில வடக்குலேர்ந்து ஒரு காத்து, மத்தியானம் தெற்குலேர்ந்து ஒரு காத்து. ரெண்டுக்கும் பேர் வெச்சிருக்காங்க அத்தை, திவானோ, ப்ரேவான்னு” என்றாள். காற்று திரும்புவதைக் கவனிக்கிற அளவுக்கு அந்தப் பெண் சும்மா இருந்திருக்கிறாள்.

ஜனவரி 1, வியாழன்

நேற்று இரவு திருத்தணியில் திருப்படித் திருவிழா. 365 படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே கூட்டம் ஏறுகிறது. அம்மாவால் இப்போது படியேற முடியாது. வண்டியில் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

இத்தாலியைத் தள்ளி வைத்தாயிற்று. அண்ணன் மகள் ஆசையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் அம்மாவிடம் பாஸ்போர்ட் இல்லை. அது கிடைத்தாலும் ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் மட்டும் 90 யூரோ. அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, தங்குமிடச் சான்று எல்லாம் வைக்க வேண்டும். பணத்தைக் கூடப் புரட்டிவிடலாம். முழங்கால் வலிக்காரியை அத்தனை மணி நேரம் விமானத்தில் மடக்கி உட்கார வைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோமோ வேண்டாம், கோமோவில் அவர்கள் இருந்த விதம் வேண்டும். ஓர் ஊர், ஓர் அறை, ஓர் ஏரி.

ஜனவரி 3, சனி

ஆருத்ரா தரிசனம். திருவாலங்காடு நமக்கு அடுத்த ஸ்டேஷன்தான். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கே. கூட்டத்தில் நின்றுகொண்டே அவரோடு ஏரிகளைப் பற்றிப் பேசினேன்.

பக்கத்தில் பூண்டி இருக்கிறது. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது தொடங்கி 1944-இல் முடிந்த நீர்த்தேக்கம். நம் பக்கம் ஓடுகிற கொசஸ்தலை ஆறு அங்கேதான் போய்த் தேங்குகிறது. தண்ணீர் நிறைந்த நாளில் கரையில் நின்றால் மனசு நிறையும். ஆனால் அது சென்னைக்குக் குடிநீர் தருகிற இடம், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். பழவேற்காடு எனக்குப் பிடித்த ஊர். 2011 டிசம்பர் 25-இல் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போன செய்தியை அம்மா இன்னும் மறக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள்.

ஏலகிரி நிஜமாகவே நல்ல யோசனை. அரக்கோணத்தில் ரயில் மாறினால் ஜோலார்பேட்டை, அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, மேலே புங்கனூர் ஏரி. அலைச்சல் மிகக் குறைவு. ரொம்ப முடியாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஏரி சின்னது, ஒரு காலை நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். காலையும் மாலையும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஏரி எனக்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் கொடைக்கானல்.

ஜனவரி 6, செவ்வாய்

கொடைக்கானல் ஏரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நம் ஊர் ஏரிகள் பாசனத்துக்கு வெட்டியவை. மதகும் கலங்கலும் வைத்து, ஆயக்கட்டுக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் கட்டியவை. இது அப்படியில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர், சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்குக் குறுக்கே கரை போட்டு 1863-இல் உண்டாக்கியது. தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டாராம். சுமார் 60 ஏக்கர், நட்சத்திரம் மாதிரி கைகால் விரித்த வடிவம், சுற்றி வர 5 கிலோமீட்டர். நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் எல்லாரும் வண்டியை நிறுத்திப் பார்க்கிற வெள்ளி அருவி.

ஊரே ஓய்வுக்காகப் பிறந்த ஊர். மதுரையில் காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-இல் மேலே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மலைப்பாதை போட்டது 1910-களில்தான். அதுவரை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ ஏற வேண்டும். படித்ததிலேயே இந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். ஏழாயிரம் அடி மலைக்குத் துரைமாரையும் துரைசானிகளையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள். மேலே இறக்கிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு உடனே கீழே இறங்கியிருப்பார்கள். அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு பொழுது காற்று வாங்க அவர்களில் யாருக்கு வாய்த்திருக்கும்? அம்மாவை அங்கேதான் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஏரி பட்ட பாட்டையும் படித்தேன். அந்த ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே தெரிந்து, மக்கள் போராடி, 2001-இல் ஆலை மூடப்பட்டது. வேலை செய்த 591 பேருக்கு 2016-இல்தான் ஓர் உடன்பாடு வந்தது. போகிற இடத்தின் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போவதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

அலுவலகத்துக்குப் போகிற மின்சார ரயிலில் எதிரே உட்காரும் அக்காவிடம் திட்டத்தைச் சொன்னேன். “நாலு நாளா? ஊட்டியும் சேத்துடலாமே” என்றார். எல்லாரும் இதையே சொல்கிறார்கள். ஒரு தடவை டிராவல்ஸ் வண்டியில் இரண்டு மலையையும் ஒரே சுற்றில் பார்த்தோம். விடிகாலை எழுப்பி, இறக்கி, ஏற்றி, ‘இருபது நிமிஷம்தான்’ என்று விரட்டி, வீட்டுக்கு வந்தபோது எனக்குக் காய்ச்சல். நம் மக்கள் வருஷம் முழுக்க ஓடிவிட்டு, லீவிலும் இப்படி ஓடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கொடைக்கானலின் பில்லர் ராக், குணா குகை, பைன் காடு எல்லாம் நல்ல இடங்கள்தான், எங்கேயும் போய்விடாது. குறிஞ்சி பூத்தது 2018-இல், மறுபடி 2030-இல்தான். அதனால் பூ பார்க்கிற அவசரமும் இல்லை.

தேதியை முடிவு செய்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஏப்ரல், மே சீசன் கூட்டம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மலையில் நல்ல மழை. பொங்கல் விடுமுறையில் ரூம் கிடைக்காது. இத்தாலியிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஏரிப் பக்கம் போகாதே என்பார்களாம், ஊரே லீவில் கிளம்பிவிடுமாம். பிப்ரவரி 1 தைப்பூசம். அதற்கு முன்னும் பின்னும் திண்டுக்கல் பக்கமெல்லாம் பழநிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம். 15-ஆம் தேதி சிவராத்திரி, அன்றைக்கு அம்மா வீட்டைவிட்டு நகரமாட்டாள். 16 திங்கள் இரவு கிளம்பி 20 வெள்ளி இரவு திரும்புவது என்று வைத்தேன். வார நாட்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம், ஏரிச் சாலை காலியாக இருக்கும். குளிர்தான் பயம். அந்த மாதத்தில் இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

டிக்கெட் போட்டாயிற்று. எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடியும் முன் கொடைரோடு. முன்பதிவை 60 நாளாகக் குறைத்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, மாதக்கணக்கில் முன்னாலேயே இடங்கள் நிரம்பிவிடவில்லை. மூத்த குடிமக்கள் சலுகையை 2020-இல் நிறுத்தியது நிறுத்தியதுதான், அம்மாவுக்கும் முழுக் கட்டணம். அதைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த வயதுக்காரர்கள் மகன், மகள் கையை எதிர்பார்க்காமல் பயணம் போக அது ஒன்றுதான் துணையாக இருந்தது. கீழ் பெர்த் மட்டும் ஒதுக்கீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் கிடைத்துவிட்டது.

அடுத்து மலை ஏறுவது. கொடைரோட்டிலிருந்து வத்தலக்குண்டு போய் பஸ் பிடித்தால் செலவு குறைவு, அரசுப் பஸ்ஸுக்கு இ-பாஸும் வேண்டாம். ஆனால் வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றும், நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். எனவே வாடகைக் கார். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டி எதுவானாலும் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். அதற்கு வண்டி எண் வேண்டும், ஆகவே காரை முன்கூட்டியே பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். அந்தச் சின்ன மலையும் 60 ஏக்கர் ஏரியும் எத்தனை வண்டியைத் தாங்கும்? கட்டுப்பாடு வந்தது நல்லது என்றுதான் சொல்வேன். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மேலே தடை. எவர்சில்வர் பாட்டில் மூன்று, அம்மாவுக்கு வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க்.

ஜனவரி 13, செவ்வாய்

அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். புழக்கடையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு நாளா? அங்க போயி இன்னாடி பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். ஏரியைப் பாத்துக்கினு உக்காந்திருக்கலாம்.”

“உக்காறதுக்கு எதுக்கு அம்மாந்தூரம் போவணும்? மாட்டுக்குத் தண்ணி யாரு காட்டுவா?”

மாட்டைச் சித்தி பார்த்துக்கொள்வாள் என்று சொன்னதும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மொழங்காலுக்குக் குளிரு ஆவுமா, டாக்டர கேளு” என்றாள். அரை மனசு வந்துவிட்டது என்று தெரிந்தது. டாக்டரிடம் கேட்டாயிற்று. ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடக்கூடாது, முதல் நாள் மேடு ஏறி நடக்கவே கூடாது, கம்பளிக் காலுறை போட வேண்டும் என்றார்.

அவர் இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தார். “அவ்ளோ தூரம் போயிட்டு பழநியப் பாக்காம வர்றதா? நம்ம திருத்தணிக்காரங்க, முருகன் கோச்சுக்குவாரு.” அவர் பக்தி எனக்குத் தெரியும், அதைத் தட்ட முடியாது. பழநியில் கூட்டம், வரிசை, மறுபடி ஒரு மலை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலைச் சொன்னேன். கொடைக்கானலிலேயே இருக்கிறது. இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார், பிறப்பால் ஐரோப்பிய வம்சத்துப் பெண், முருகன்மேல் வைத்த பக்தியால் 1936-இல் கட்டியது. அங்கிருந்து பார்த்தால் வானம் தெளிந்த நாளில் பழநி மலை தெரியும். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அங்கேர்ந்தே கும்புட்டுக்கலாம்” என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

ரூம் கிடைத்தது. ஏரிச் சாலையிலேயே, தரைத்தளம், வாசலில் படி ஒன்றே ஒன்று. மேலே இரண்டாவது மாடியில் காட்சி இன்னும் நன்றாக இருக்கும் என்றார் மேலாளர், மறுத்துவிட்டேன். மேற்கத்திக் கழிப்பறை, கெய்சர், ராத்திரிக்குக் கூடுதல் கம்பளி, காலையில் இட்லி கிடைக்குமா என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னது. கடைசியாக, “மேடம், பாக்க வேண்டிய எடங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா?” என்றது. ஒரு நாள், ஒரு மணி நேரம், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு மட்டும் என்றேன்.

மற்றபடி காலையில் வெயில் வந்தபிறகு அம்மாவோடு கரையில் முடிந்த மட்டும் நடை, களைத்தால் பெஞ்சு. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் அவித்த மக்காச்சோளம், டீ. ஒரு தடவை படகு. மிதிபடகு முழங்காலுக்கு ஆகாது, துடுப்புப் போட ஆள் வருகிற படகுதான் எடுக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறுவதில்லை. பழவேற்காட்டை நினைத்து அம்மா மறுத்தால் வற்புறுத்தப் போவதில்லை.

இரவு மிலானுக்குப் பேசித் தேதியைச் சொன்னேன். “நாலு நாளும் ஒரே எடத்துலயா? சூப்பர் அத்தை!” என்றாள். பாட்டியிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மா போனை வாங்கி, தான் கொடைக்கானல் போவதைத் தானே சொன்னாள். ஸ்வெட்டர் பச்சையில் வேண்டுமாம், நாளைக்குத் திருவள்ளூரில் இறங்கி வாங்கி வர வேண்டும்.