முற்றத்து நீரும் வாட்டமும்

ஐப்பசி 4

நேற்றிரவு தொடங்கிய மழை இன்று பிற்பகல்தான் ஓய்ந்தது. ஆயினும் வேளச்சேரியில் மழை ஓய்வது வேறு, நீர் வடிவது வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பிரதேசமாகையால் தெருவில் நீர் தேங்குவதை விதியென்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், தெருவைக்காட்டிலும் ஓரடி உயரத்திலிருக்கும் எங்கள் முன்புறத் தோட்டத்தில், சென்ற கோடையில் பேவர் கல் பாவிய பிறகு, வாசற்படியை ஒட்டிக் கணுக்காலளவு நீர் நிற்பதற்கு விதியின்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. முன்பு அது வெறும் மண்தரை. வாழையும் செம்பருத்தியும் குடித்ததுபோக எஞ்சியதை மண்ணே வாங்கிக்கொண்டது. இப்போதோ கல்லுக்குக் கீழே கான்கிரீட், கற்களின் இடையே சிமென்டுப் பால், சுற்றிலும் மதில். சுவரில் முழங்கால் உயரம் ஓதம் ஏறி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது.

ஐப்பசி 5

அடுத்த வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "ஒரு குழாயைப் போட்டுப் பாதாளச் சாக்கடைத் தொட்டியிலே விட்டுடுங்க தம்பி, அரை நாள் வேலை" என்றார். நகரத்தில் பாதிப்பேர் ரகசியமாகச் செய்யும் காரியம் அது. கழிவுநீருக்கென்று அளவிட்டுப் புதைத்த குழாயில் மழைநீரையும் தள்ளினால், அந்தக் குழாய் வேறு யாரோ ஒரு தாழ்ந்த வீட்டின் குளியலறை வழியாகப் பொங்கும். என் முற்றத்தின் சௌகரியத்துக்காகப் பிறர் வீட்டில் துர்நாற்றத்தை ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. பெரியவரிடம் இதைச் சொல்லாமல், யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஐப்பசி 7

இன்று கொத்தனார் வந்தார். அதற்கு முன்பே, தேங்கிய நீரின் விளிம்பைச் சாக்கட்டியால் கோடிழுத்து வைத்திருந்தேன். நீர் வற்றியபின் எந்த நிபுணரும் வந்து பள்ளத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைப் படியருகிலும் மறுமுனையை மதிலருகிலும் பிடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "வாட்டம் வீட்டுப் பக்கமா இருக்கு சார். தண்ணி மேல என்ன குத்தம்?"

10 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 20 அடி நீளமுள்ள இந்தத் தரைக்கு 3 அங்குலம். கல் பாவிய ஒப்பந்தக்காரர், காண்பவர் கண்ணுக்குச் சமதளமாகத் தோன்ற வேண்டுமென்ற அழகுணர்ச்சியில், இருந்த சிறு சரிவையும் எதிர்த்திசையில் திருப்பிவிட்டிருந்தார். படியோரத்தை உயர்த்திச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். அஸ்திவாரத்தின்மேல் ஈரம் ஏறாதிருக்கப் போட்ட பூச்சுக்கு அரையடி கீழேதான் வெளித்தரை நிற்க வேண்டும், ஆகவே வீட்டோரத்தைத் தொடாமல் மதிலோரத்தைத் தாழ்த்துவதே முறை என்று அவர் விளக்கிய தெளிவைப் பல பொறியாளரிடம் நான் கண்டதில்லை.

ஐப்பசி 13

வெயில் எட்டிப் பார்த்த இடைவேளையில் வேலை நடந்தது. கற்கள் பெரும்பாலும் உடையாமல் வந்தன. கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு, ஜல்லி பரப்பி இடித்து, அதன்மேல் சிறு சிப்ஸ் விரித்து, அதே கற்களைப் புதிய வாட்டத்தில் அடுக்கினார்கள். இடைவெளிகளில் இம்முறை சிமென்டு இல்லை, சிப்ஸ்தான். மதிலோரம் ஒரு வரிசைக் கல்லை அடியோடு நீக்கி, அங்கே நந்தியாவட்டை வைக்க மண்ணை விட்டாயிற்று.

ஐப்பசி 15

புதிய வாட்டத்தில் ஓடிவரும் நீரை வாங்க வெட்டிய உறிஞ்சுகுழியைப்பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். அதைக் குறித்து நிலவும் மூடநம்பிக்கை அவ்வளவு. 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்; எங்கள் மொட்டைமாடி நீருக்கும் அதன்படி ஏற்பாடு உண்டு. முற்றத்து நீரை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. 400 சதுர அடித் தரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 370 லிட்டர்; பத்திரிகைகள் சாதாரணமாகக் குறிப்பிடும் 10 சென்டிமீட்டருக்கு 3,700 லிட்டர். மதிலருகே தோண்டிய குழியோ 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழம். ஜல்லி நிரப்பி மேலே மணல் விரித்தபின் மூன்றிலொரு பங்குதான் வெற்றிடம், அதாவது 400 லிட்டருக்குச் சற்று அதிகம். எனவே குழியைச் சேமிப்புத் தொட்டியாக எண்ணியவன் முதல் மழையிலேயே ஏமாறுவான். அதன் பயன், நீர் கீழே இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் அது தானே இறங்கும், இங்கே களிமண். ஆகையால் குழியின் நடுவே களியைத் துளைத்து மணற்படுகைவரை ஒரு துளைக்குழாய் இறக்கினோம். அதற்கும் மிஞ்சியது தெருவோர மழைநீர் வடிகாலுக்குப் போக, மதிலில் ஒரு மடைத்துளை விட்டோம்.

கார்த்திகை 9

புயற்சின்னத்தின் உபயத்தில் இரண்டு நாளாகப் பேய்மழை. நடுவில் ஒருமுறை குழி நிரம்பி மடைத்துளை வழியே நீர் வெளியேறியது. மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் முற்றத்தில் சொட்டு நீரில்லை. பெரியவர் குழியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். சுவரின் ஓதம் உலரக் கோடை வர வேண்டும். அதற்குள் வண்ணம் பூசுவது வீண்செலவு. வேப்பஞ்சருகும் சேறும் குழியின் மேல்மணலில் இப்போதே படியத் தொடங்கிவிட்டன. ஆண்டுதோறும் புரட்டாசியில் அந்த மணலை அள்ளி அலசிப் போடாவிட்டால் இந்தக் குழியும் மூன்றாம் மழைக்காலத்தில் நீர் வாங்காது.